எழுத்து பிறந்த இரவில் பேய்கள் ஏன் அழுதன?

எழுத்து எப்படிப் பிறந்தது என்பதற்கு உலகம் முழுக்கக் கதைகள் உண்டு. அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் வாழ்ந்த சுமேரியர்களுடையது. எழுத்து பிறக்கும் அந்தத் தருணத்தில் தவம் கிடையாது, தரிசனம் கிடையாது, அசரீரி கிடையாது. ஒரு தூதனுக்கு வாய் ஓய்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

உருக் நகரத்தின் அரசன் என்மெர்கார். ஏழு மலைகளுக்கு அப்பால் இருக்கிறது அரட்டா என்ற செல்வம் கொழிக்கும் நாடு. அங்கிருந்து பொன்னும் வெள்ளியும் நீலக்கல்லும் இவனுக்கு வந்தாக வேண்டும். படையெடுக்காமல் வாய்ச்சண்டை போடுகிறார்கள். பாவம், ஒரே தூதன்தான் மலையேறி மலையிறங்கி இரண்டு பேருடைய சவாலையும் மனப்பாடமாகச் சுமக்கிறான். “வலைப்பையில் தானியம் கொண்டுவா பார்க்கலாம்” என்கிறான் அரட்டாவின் அதிபதி. என்மெர்கார் முளைவிட்ட தானியத்தால் வலைக்கண்களை அடைத்து அனுப்புகிறான். இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு தடவை என்மெர்கார் சொல்லும் செய்தி மிக நீளமாகிவிடுகிறது. தூதனின் வாய் கனத்துவிட்டது, அவனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. உடனே அரசன் கொஞ்சம் களிமண்ணை எடுத்துத் தட்டி, சொற்களை அதன்மேல் பதிக்கிறான். அதற்கு முன்னால் களிமண்ணில் யாரும் சொல்லைப் பதித்ததில்லை என்று காவியம் அழுத்திச் சொல்கிறது.

தூதன் பலகையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அரட்டாவின் அதிபதி அதைப் பார்க்கிறான். அவன் கண்ணுக்குச் சொற்கள் ஆணிகளாகத் தெரிகின்றன, முகம் கடுக்கிறது. எனக்கு இந்த இடம்தான் கதையின் உச்சம். இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்ட எழுத்தை எதிராளி எப்படி வாசிப்பான்? வாசித்துவிட்டுக் கோபப்பட்டானா, வாசிக்க முடியாமல் முகம் சுளித்தானா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. போட்டி முழுவதும் புதிர்களால் ஆனது. கடைசிப் புதிர் அந்தக் களிமண் பலகை. அதை அவிழ்க்க அவனால் முடியவில்லை.

சரி, மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? உருக்கில் ஏறக்குறைய கி.மு. 3300 வாக்கிலிருந்து எழுதப்பட்ட பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி வெறும் கணக்கு. எவ்வளவு பார்லி வந்தது, எத்தனை ஆடு, எத்தனை குடம் பீர், யாருக்கு எவ்வளவு படி அளந்தார்கள். மிச்சத்தில் சொற்பட்டியல்கள் உண்டு, அவற்றில் ஒன்று பதவிகளையும் தொழில்களையும் வரிசைப்படுத்துகிறது. கடிதம் ஒன்றுகூடக் கிடையாது. கடிதம் எழுதும் அளவுக்கு அந்தக் குறிகள் வளர சில நூற்றாண்டுகள் பிடித்தன. என்மெர்கார் கதையின் கைப்பிரதிகளோ கி.மு. 2000-க்குப் பிந்தியவை, கணக்குப் பலகைகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பின்னால் வந்தவை. ஆனாலும் ஊர் சரி, களிமண் சரி. காரணம் மட்டும்தான் மாறிப்போயிருக்கிறது. கிடங்குக் கணக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு அரசனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

கணக்கர் முழுக்க மறைந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. சுமேரியர்களுக்கு எழுத்தின் தெய்வம் நிசாபா. பாடம் முடிந்ததும் பலகையின் கடைசி வரியில் “நிசாபாவுக்குப் புகழ்” என்று எழுதுவார்கள். இந்த நிசாபா முதலில் தானியத்தின் தெய்வம். களஞ்சியத்துக் கணக்கை எழுதியவர்கள் களஞ்சியத்துத் தாயையே எழுத்துக்கும் தாயாக்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு கதையில் இனான்னா தேவி, என்கி தேவனுக்கு பீர் ஊற்றிக் கொடுத்து, போதையில் அவன் வாரிவழங்கிய நாகரிகத்தின் வரங்களைப் படகில் ஏற்றி உருக்குக்குக் கடத்திக்கொண்டு வந்துவிடுகிறாள். நூற்றுக்கு மேற்பட்ட வரங்கள். அந்தப் பட்டியலில் எழுத்து, தச்சு வேலைக்கும் கன்னார் வேலைக்கும் தோல் வேலைக்கும் பக்கத்தில் நிற்கிறது. எழுத்தாளர்கள் தங்களை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு இது நல்ல மருந்து.

இந்தக் கதைகளை வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் ஒன்று உறைக்கிறது. எழுத்தைக் கொண்டாடும் கதைகளைவிட அதைக் கண்டு மிரளும் கதைகளே அதிகம். அதிலும், கடிதம் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் கொலைதான்.

சார்கோன் கதையைப் பாருங்கள். பின்னாளில் பேரரசனாகப் போகிற சார்கோன் அப்போது கிஷ் மன்னன் ஊர்-சபாபாவின் பானம் பரிமாறுபவன். மன்னனுக்கு அவனைப் பார்த்துப் பயம். உருக்கின் அரசன் லுகால்சாகேசியிடம் ஒரு பலகையைக் கொடுத்தனுப்புகிறான். இவனைக் கொன்றுவிடு என்பதுதான் சேதி. தன் சாவுச்சீட்டைத் தானே சுமந்து போகிறான் சார்கோன். அந்த இடத்தில் கதைசொல்லி நிறுத்தி ஒரு குறிப்புத் தருகிறான்: அந்தக் காலத்தில் பலகையில் எழுதுவது உண்டு, ஆனால் பலகையை உறையிலிடும் வழக்கம் இன்னும் வரவில்லை. உறை என்றால் களிமண் உறை, பலகையைச் சுற்றி இன்னொரு மண் போர்வை. எழுத்து பிறந்த கதையைத் தேடிப்போனால் தபால் உறை பிறந்த கதையும் கூடவே வருகிறது, அதுவும் இப்படி ஒரு அவசரத்தில்.

கிரேக்கர்களிடம் இதன் இரட்டைப் பிறவியே இருக்கிறது. ஹோமரின் இலியட் முழுவதிலும் எழுத்து என்று சொல்லத்தக்கது வருவது ஒரே இடத்தில். பெல்லெரோபோன் என்ற வீரனிடம் மடித்த பலகையில் “உயிர் குடிக்கும் குறிகளை” எழுதி லைசியா மன்னனுக்கு அனுப்புகிறார்கள். அந்த மன்னன் ஒன்பது நாள் விருந்து வைத்துவிட்டுப் பத்தாம் நாள்தான் “என்ன கொண்டுவந்தாய்” என்று கேட்கிறான்.

அப்புறம் பாலமேதஸ். கிரேக்க எழுத்து யாரிடமிருந்து வந்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பினீசியாவிலிருந்து காட்மஸோடு வந்தவர்கள் கொண்டுவந்தார்கள் என்றார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், வரலாற்றுக்கு நெருங்கியதும் அதுதான். புரோமீதியூஸ் தான்தான் தந்ததாக மேடையில் மார்தட்டிக்கொண்டான். கொக்குக் கூட்டம் பறக்கும் வடிவத்தைப் பார்த்து மெர்க்குரி தேவன் எழுத்துகளை உண்டாக்கியதாக ஒரு பேச்சு உண்டு. எழுத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுபவர்களில் துயரமானவன் பாலமேதஸ். டிராய் போருக்கு வராமலிருக்கப் பைத்தியம்போல் நடித்த ஒடிசியஸின் குட்டை உடைத்தவன் இவன். ஒடிசியஸ் அதை மறக்கவில்லை. டிராய் மன்னன் பிரியாமிடமிருந்து பாலமேதஸுக்கு வந்ததுபோல ஒரு போலிக் கடிதத்தைத் தயாரித்து, அவன் கூடாரத்தில் தங்கத்தையும் புதைத்துவைத்தான். துரோகி என்று சொல்லிக் கல்லால் அடித்தே கொன்றார்கள். எழுத்தைக் கண்டுபிடித்தவனைக் கொன்றது ஒரு பொய்க் கடிதம்! கி.மு. 415-இல் யூரிப்பிடீஸ் இதை நாடகமாக்கினார். நாடகம் இப்போது இல்லை, துண்டுகள்தான் மிஞ்சின. அதில் பாலமேதஸின் சகோதரன் நடந்ததைத் துடுப்புகளில் எழுதிக் கடலில் எறிகிறான், எப்படியாவது அப்பாவுக்குச் சேதி போய்ச் சேரட்டும் என்று. சில ஆண்டுகள் கழித்து அரிஸ்டோஃபனீஸ் இந்தத் துடுப்புக் கடிதத்தை வைத்து மேடையில் கிண்டலடித்தார்.

மிரட்சியை நேருக்கு நேராகச் சொன்னவர்கள் சீனர்கள். மஞ்சள் பேரரசரின் அதிகாரி சாங்ஜியே. அவருக்கு நான்கு கண்கள். பறவையும் விலங்கும் விட்டுப்போன காலடித் தடங்களைப் பார்த்தார். தடத்தைக் கொண்டே எந்த மிருகம் என்று சொல்லிவிடலாம் என்றால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தடம் வரையலாமே என்று தோன்றியது. அதற்கு முன் கயிற்றில் முடிச்சுப் போட்டு நிர்வாகம் நடந்ததாம். இதுவரை சாதாரணம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் ஹுவாய்நான்சி என்ற நூல் அடுத்து ஒரு வரி சேர்க்கிறது: சாங்ஜியே எழுத்தைச் செய்தபோது வானம் தினையைப் பொழிந்தது, பேய்கள் இரவில் அழுதன.

தினை பொழிந்ததை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அந்த நூலுக்கு உரை எழுதிய காவ் யூ வேறு மாதிரி சொல்கிறார். எழுத்து வந்தால் ஏமாற்று வரும். ஜனங்கள் உழவை விட்டுவிட்டு, எழுத்தாணியும் கத்தியும் தரும் சில்லறை லாபத்துக்கு ஓடுவார்கள். பட்டினி வரப்போகிறது என்று வானத்துக்குத் தெரிந்துவிட்டது, அதனால் முன்கூட்டியே தானியம் கொட்டியது. பேய்கள் அழுததற்குக் காரணம் இன்னும் சுவை: எழுத்து மூலமாகத் தங்கள்மேல் குற்றப்பத்திரிகை வந்துவிடும் என்ற பயம். அதாவது பேய்களுக்குக்கூட அரசாங்கக் காகிதம் என்றால் கிலி. அதே உரையில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. சில பிரதிகளில் ‘பேய்’ இருக்குமிடத்தில் ‘முயல்’ என்று இருக்கிறதாம். சீன எழுத்தில் இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். முயல் ஏன் அழ வேண்டும்? தூரிகை செய்யத் தன் ரோமத்தைப் பிடுங்குவார்களே என்றுதான். எழுத்தின் பிறப்பைச் சொல்லும் வரியிலேயே எழுத்துப்பிழைக்கு இடமிருந்திருக்கிறது. உரைகாரரோ இரண்டு பாடத்துக்கும் சளைக்காமல் விளக்கம் எழுதிவைத்தார்.

எகிப்தின் தாமுஸ் கதை எல்லோரும் மேற்கோள் காட்டித் தேய்ந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோத் தேவன் எழுத்தைக் கொண்டுவந்து “இது நினைவுக்கு மருந்து” என்கிறான். “இல்லை, இது மறதியைத்தான் வளர்க்கும்” என்கிறார் மன்னர் தாமுஸ். ஒரு விஷயத்தை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். இதைச் சொல்வது எகிப்தியர் இல்லை, பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸ். கேட்டுக்கொண்டிருக்கும் ஃபீட்ரஸே “எகிப்துக் கதைகளை எவ்வளவு லாவகமாகக் கட்டிவிடுகிறீர்கள்” என்று சாக்ரடீஸைச் சீண்டுகிறான். அசல் எகிப்தில் எழுத்துமேல் இந்தச் சந்தேகம் தென்படவில்லை. சித்திர எழுத்தை அவர்கள் கடவுளின் வாக்கு என்றே அழைத்தார்கள். எழுத்தர்கள் தோத்தின் குரங்கு வடிவத்தின் காலடியில் உட்கார்ந்து எழுதுவதுபோலத் தங்களுக்குச் சிலை வைத்துக்கொண்டார்கள்.

வடக்கே ஓடின் என்ற நார்ஸ் தேவன் தன்னையே ஈட்டியால் குத்திக்கொண்டு, காற்றடிக்கும் மரத்தில் ஒன்பது இரவு சோறு தண்ணீர் இல்லாமல் தொங்கி, அலறிக்கொண்டே ரூன் எழுத்துகளைப் பொறுக்கியெடுத்தான் என்கிறது ஒரு நார்ஸ் பாடல். படிக்கும்போது சிலிர்க்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ரூன் எழுத்துகளில் ஒன்று, டென்மார்க்கில் கிடைத்த கி.பி. 160 வாக்கிலான ஒரு சீப்பு. அதில் ஒரே ஒரு சொல் கீறியிருக்கிறது, சொந்தக்காரரின் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். அயர்லாந்தில் ஓகம் எழுத்துக்குத் தகப்பன் ஓக்மா, தாய் அவனுடைய கத்தி. அதில் எழுதப்பட்ட முதல் சேதி, உன் மனைவியைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று லூக் என்பவனுக்குப் போன எச்சரிக்கை. இங்கேயும் நல்ல சேதி இல்லை!

இந்தியக் கதைகளின் போக்கு தனி. இங்கே எழுத்தைவிடக் குரலுக்கு மரியாதை. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதுகிறார். தெய்வமே ஆனாலும் எழுதுபவர் எழுத்தர்தான், ஆசிரியர் இல்லை. நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவர் நிபந்தனை போட, பொருள் புரியாமல் எழுதக் கூடாது என்று இவர் பதில் நிபந்தனை போடுகிறார். இந்தக் காட்சியை பூனா பண்டார்க்கர் நிறுவனத்தின் செம்பதிப்பு மூலத்திலிருந்து விலக்கிவிட்டது, பின்னால் சேர்ந்தது என்று. சமணர்கள் இதைக் குடும்பக் காட்சியாக வைத்திருக்கிறார்கள்: ரிஷபநாதர் வலது கையால் மகள் பிராமிக்கு எழுத்தையும், இடது கையால் மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்றுக்கொடுக்கிறார். எழுத்தின் பிறப்பில் முதல் மாணவர்கள் பெண்கள் என்று சொல்லும் கதை இது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வருவது அதைவிட விசித்திரம். பிரமனின் சாபத்தால் கலைமகளின் உடலாகிய எழுத்துகளில் 48, 48 புலவர்களாகப் பிறக்கின்றன. 49-ஆவதாகச் சிவபெருமானே வந்து அமர்கிறார். எழுத்து ஓலையில் ஏறவில்லை, ஆளாகவே பிறந்துவிட்டது.

இதுவரை சொன்ன கதைகளுக்கெல்லாம் ஒரு பொதுக்குறை உண்டு. இவை நம் கைக்கு வந்தது எழுதத் தெரிந்தவர்கள் வழியாக. எழுத்தைப் பழித்த காவ் யூவும் தூரிகை பிடித்துத்தான் பழித்தார், பிளேட்டோவும் எழுதித்தான் எழுத்தைக் குறை சொன்னார். எழுத்து இல்லாதவர்கள் எழுத்தைப் பற்றி என்ன கதை சொன்னார்கள்?

மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், தென்மேற்குச் சீனா, வடகிழக்கு இந்தியா என்று நீளும் மலைப்பகுதியில் இதற்குப் பதில் கிடைக்கிறது. அங்கே பல இனங்கள் சொல்லும் கதை கிட்டத்தட்ட ஒன்று: எங்களுக்கும் எழுத்து இருந்தது, சாப்பிட்டுவிட்டோம். அக்கா மக்களுக்கு எருமைத்தோலில் எழுதிக் கொடுக்கப்பட்டது. வழியில் பசி தாங்காமல் தோலை வேகவைத்துத் தின்றுவிட்டார்கள். லாஹு மக்களுக்கு அரிசி அப்பத்தில் எழுதிக் கிடைத்தது, அது எத்தனை நாள் தாங்கும்? மிசோக்களின் தோல் சுருளை நாய் தின்றது. ஹ்மாங் மக்கள் சீனப் படைக்குத் தப்பி ஆற்றைக் கடந்தபோது புத்தகம் தண்ணீரோடு போய்விட்டது என்பார்கள். இல்லை, அசந்து தூங்கும்போது குதிரைகள் மேய்ந்துவிட்டன என்பாரும் உண்டு. மிச்சமிருந்த வடிவங்களைப் பெண்கள் துணியில் பூத்தையலாகப் போட்டுக் காப்பாற்றினார்களாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால், சமவெளி அரசுகள் எழுத்தை எதற்குப் பயன்படுத்தின என்பது நினைவுக்கு வருகிறது. வரிப் பதிவு, ஆள் கணக்கு, நிலச்சீட்டு. உருக்கில் தொடங்கிய அதே வேலைதான். அந்தப் பதிவேட்டில் தங்கள் பெயர் ஏறாமல் இருப்பதற்காகவே மலையேறியவர்களும் இவர்களில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு எழுத்தின்மேல் ஏக்கமும் இருந்தது, விலகலும் இருந்தது. தின்றதால் அறிவு எங்களுக்கு உள்ளேயே இருக்கிறது, ஓலையில் தேட வேண்டியதில்லை என்று சிலர் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். கிரேக்க மன்னர்களின் கொலைக் கடிதங்களைப் படித்துவிட்டு வந்தால், தோலைத் தின்றவர்கள்தான் புத்திசாலிகள் என்றுகூடத் தோன்றும்.

எழுத்து பிறப்பதைத் தேதியோடு சொல்லக்கூடிய சந்தர்ப்பங்களும் நமக்கு இருக்கின்றன. வட அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி இனத்தைச் சேர்ந்த செக்வோயா ஒரு வெள்ளி வேலைக்காரர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி என்று தொடங்கி, அது எங்கேயும் முடியாது என்று கைவிட்டு, அசைக்கு ஒரு குறியாக மாற்றினார். அப்படி எண்பத்தைந்து, எண்பத்தாறு குறிகள் போதுமானதாக இருந்தன. 1821-இல் முடித்தார். ஊரார் சூனியம் என்றார்கள். சிறுமியான மகள் அயோக்காவைத் தூரத்தில் நிறுத்திவைத்து, பிறர் சொன்னதை எழுதி அனுப்பி, அவள் வாசித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். 1828-இல் அந்த எழுத்தில் பத்திரிகையே வந்துவிட்டது.

செக்வோயாவுக்குக் கனவு தேவைப்படவில்லை. மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது. லைபீரியாவில் 1833 வாக்கில் ‘வாய்’ (Vai) என்ற இனத்தாரின் மொழிக்கு எழுத்து செய்த மோமோலு துவாலு புகேலே, ஒரு வெள்ளையர் கனவில் வந்து குறிகளைக் காட்டியதாகச் சொன்னார். விழித்தபோது பாதி மறந்துபோனது, நண்பர்களோடு உட்கார்ந்து மிச்சத்தை இட்டு நிரப்பினார்களாம். கேமரூனின் பாமும் மன்னர் ந்ஜோயாவுக்கு வந்த கனவில், பலகையில் ஒரு கையை வரைந்து, அதைக் கழுவிய தண்ணீரைக் குடி என்ற கட்டளை கிடைத்தது. குடித்தார். பிறகு குடிமக்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பொருளை வரையச் சொன்னார். 1896 வாக்கில் ஐந்நூறு சொச்சம் குறிகளோடு தொடங்கி, 1910-க்குள் எண்பதுக்குக் குறைத்தார். இங்கேயும் எழுத்து வயிற்றுக்குள் போகிறது என்பதைக் கவனியுங்கள். மலைக்காரர்கள் தின்று தொலைத்தார்கள், இவர் குடித்துப் பெற்றார்.

உண்மைக்குப் பக்கத்தில் கனவு எப்படி வந்து உட்காருகிறது என்பதை ஆர்மீனியாவில் பார்க்கலாம். மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் 405 வாக்கில் 36 எழுத்துகளை உருவாக்கினார். அவருடைய மாணவர் கோரியுன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அலைச்சல், ஜெபம், சமோசாட்டாவில் ரூஃபினஸ் என்ற கையெழுத்துக் கலைஞரை வைத்து வடிவங்களைச் செம்மையாக்கியது எல்லாம் வருகின்றன. பின்னால் வந்த மொவ்செஸ் கொரெனாட்சியின் வரலாற்றில், கல்லின்மேல் எழுதும் ஒரு வலது கையை மெஸ்ரோப் தன் உள்ளத்தில் கண்டதாக வந்துவிடுகிறது. கொரியாவில் சேஜோங் மன்னர் 1446-இல் வெளியிட்ட எழுத்துக்கும் இப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டது, கதவுச் சட்டங்களைப் பார்த்து வரைந்தாராம். 1940-இல் மன்னர் காலத்து விளக்க நூலே கிடைத்தது. நாக்கும் பல்லும் தொண்டையும் ஒலிக்கும்போது இருக்கும் நிலையைப் பார்த்து வரைந்தது என்று அதில் தெளிவாக இருந்தது.

புத்தகம் ஆற்றோடு போன ஹ்மாங் மக்களுக்கும் 1959-இல் எழுத்து கிடைத்தது. ஷோங் லூ யாங், எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி. கடவுள் அனுப்பிய தூதர்கள் இருவர் வந்து கற்றுக்கொடுத்ததாகச் சொன்னார். லாவோஸ் போர் நடந்துகொண்டிருந்த காலம். யாருக்கும் புரியாத எழுத்தில் எழுதுகிறவனை இரண்டு தரப்பும் உளவாளி என்றே பார்த்தன. 1971-இல் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். யூரிப்பிடீஸ் மேடையேற்றிய, எழுத்தாலேயே செத்த பாலமேதஸுக்கு இவர் கிட்டத்தட்ட இரண்டாயிரத்து நானூறு ஆண்டு கழித்து வந்த கூட்டாளி. கடவுள் கொடுத்ததாகச் சொன்ன அந்த எழுத்தை அவர் அப்படியே விட்டுவைக்கவில்லை. உச்சரிப்போடு ஒட்டவில்லை, கற்பவர்களுக்குக் கஷ்டம் என்று திருத்தித் திருத்தி நான்கு வடிவங்கள் செய்தார், கடைசி வடிவம் இறந்த ஆண்டில். அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 2014 முதல் அவை யூனிகோடிலும் உண்டு.